மேனேஜர் நாற்காலிக்குப் பூக்கட்டிப் பார்த்த கதை

பட்டாசுத் தொழிலில், வெடித்த பட்டாசுக்கு நன்றி சொல்லி யாரும் போன் செய்வதில்லை. வெடிக்காத ஒன்றே ஒன்றுக்காக எங்கிருந்தெல்லாமோ கூப்பிடுவார்கள். அந்தப் போனை எடுப்பவள் நான். பெயர் மாரீஸ்வரி. திருத்தங்கலிலிருந்து டவுன் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு வந்து, சிவகாசியில் பெரிசும் இல்லாமல் சிறிசும் இல்லாமல் இருக்கிற ஒரு பட்டாசுக் கம்பெனியின் ஆர்டர் செக்ஷனில் பல வருஷமாக உட்கார்ந்திருக்கிறேன்.

எங்கள் மேனேஜர் ராமசுப்பு சார் ஓய்வு பெற்றுக் கோயம்புத்தூரில் மகன் வீட்டுக்குப் போகப்போவதாகச் சொன்ன அன்றைக்கே, அடுத்த மேனேஜர் நான்தான் என்று முடிவாகிவிட்டது. முடிவு செய்தது நான், லோடு ஏற்றுகிற வேலுச்சாமி அண்ணன், டீக்கடைக்காரர், அப்புறம் என் அம்மா. அம்மா பட்டாசு ஆலையில் காகிதக் குழாய் உருட்டி என்னை பி.காம். படிக்க வைத்தவள். "எம்மக மேனேஜராப் போறா" என்று அவள் சொல்லாத வீடு எங்கள் தெருவில் பாக்கியில்லை. முடிவு செய்யாதவர் ஒரே ஒருவர்தான். அவர்தான் முதலாளி.

"அடுத்த வருஷம் பார்ப்போம்" என்று கேட்டுக் கேட்டுக் காது புளித்தவர்களே, நேற்றுச் சேர்ந்தவருக்கு வேலை கற்றுக்கொடுத்துவிட்டு இன்றைக்கு அவருக்கே எழுந்து நின்று வணக்கம் சொன்னவர்களே, கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். நாமெல்லாம் ஒரே கட்சி.

ஆம்பளைக் குரல்

ராமசுப்பு சார் போனதும் மேனேஜர் வேலையும் என் மேசைக்கே வந்து சேர்ந்தது. பதவி மட்டும் வரவில்லை. ஒருநாள் தர்மபுரிக் கடைக்காரர் ஒருவர் போனில் பிடித்தார். லோடு வரவில்லையாம். "லாரி நாமக்கல் தாண்டிருச்சுங்க, சேலத்துல ஒரு எறக்கு இருக்கு, சாயங்காலத்துக்குள்ள வந்துரும்" என்றேன். அவர் கேட்கவில்லை. "மேனேஜரைக் குடும்மா" என்றார். இப்போதைக்கு நான்தான் பார்க்கிறேன் என்றேன். "வேற யாராவது ஆம்பளை இருந்தாக் குடும்மா" என்றார்.

தண்ணீர் குடிக்க வந்த வேலுச்சாமி அண்ணனின் கையில் போனைக் கொடுத்தேன். நான் காதோரம் மெல்லச் சொல்லச் சொல்ல, அவர் கணீரென்று திருப்பிச் சொன்னார். "லாரி நாமக்கல் தாண்டிருச்சு. சேலத்துல ஒரு எறக்கு இருக்கு." மனிதர் உடனே அடங்கிவிட்டார். எனக்கு வந்ததே கோபம். "இதத்தான இம்புட்டு நேரமா நானும் சொன்னேன், மண்டையில ஏறல" என்று எனக்குள்ளேயே முணுமுணுத்தேன். வேலுச்சாமி அண்ணன் அதையும் விடவில்லை. "இதத்தான இம்புட்டு நேரமா சொன்னோம், ஒங்க மண்டையில ஏறல" என்று அழுத்தம் திருத்தமாகச் சொல்லிவிட்டார். நான் நாக்கைக் கடித்துக்கொண்டு போனைப் பிடுங்கப் போனேன்.

 அதற்குள் தர்மபுரிக்காரர் மிகுந்த மரியாதையோடு சொன்னார்: "இது சார் பேச்சு. அந்தப் பொண்ணுக்கும் இப்படித் தெளிவாப் பேசக் கொஞ்சம் சொல்லிக் குடுங்க."

மஞ்சள் வைத்த விண்ணப்பம்

எங்கள் கம்பெனியில் பதவி உயர்வு வேண்டும் என்று யாரும் எழுதிக் கேட்டது கிடையாது. ஒருவர் போவார்; முதலாளி இன்னொருவரைப் பார்த்து "நீ இங்கன உக்காரு" என்பார்; அவ்வளவுதான். முதலாளியை நாங்கள் அண்ணாச்சி என்போம். தங்கமான மனிதர். ஆனால் அவர் என்னைப் பார்த்து "இங்கன உக்காரு" என்று சொல்கிற மாதிரித் தெரியவில்லை. பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, 'ஐயா, வணக்கம்' என்று தொடங்கி ஒரு முழுப் பக்கம் எழுதி நீட்டினேன்.

அண்ணாச்சி வாசித்தார். பின்பக்கத்தைத் திருப்பி அங்கே ஒன்றுமில்லை என்பதையும் உறுதி செய்துகொண்டார். அப்புறம் என்ன செய்வதென்று தெரியாமல், அச்சாபீசிலிருந்து புது லேபிள் வந்தால் செய்வதையே என் விண்ணப்பத்துக்கும் செய்தார். நான்கு மூலையிலும் மஞ்சளைக் குழைத்துத் தாராளமாகத் தடவி, சாமி படத்துக்கு முன்னால் வைத்துவிட்டார். எனக்குத் தலைகால் புரியவில்லை. சாமிக்கே நேராகப் போயிருக்கிறதே!

மறுநாள் பார்த்தால் அதன் பக்கத்தில் இன்னொரு விண்ணப்பம். அது தினேஷுடையது. அண்ணாச்சியின் தங்கை பூங்கோதை அக்கா எங்கள் கம்பெனியில் பங்குதாரர். கணக்கு அவர் கையில். அவருடைய கொழுந்தன்தான் தினேஷ். சென்னையிலேயே பிறந்து வளர்ந்து எம்.பி.ஏ. முடித்தவன், போன சீசனில்தான் வந்து சேர்ந்தான். நல்ல பிள்ளை, என்னை வாய் நிறைய அக்கா என்பான். ஆனால் அவன் விண்ணப்பம் கலர் போட்டோவோடு பளபளவென்று லேமினேட் செய்யப்பட்டிருந்தது. கொழுந்தனுக்காக மதினியே கொண்டுபோய்ச் செய்து வைத்தது என்று தெரிந்தது. வேலுச்சாமி அண்ணன் சாமி கும்பிடுகிற சாக்கில் உள்ளே போய் இரண்டையும் பார்த்துவிட்டு வந்து சொன்னார்: "தாயி, ஒம்பேப்பரு மஞ்சள்ல ஊறிப்போயி ஒரு எளுத்தும் தெரியல. அவன் பேப்பரு மளையில நனைஞ்சாலும் தாங்கும்."

சனிக்கிழமைச் சமையல்

இரண்டு பேர் கேட்டால் இன்டர்வியூ வைக்க வேண்டும் என்று அண்ணாச்சிக்கு யாரோ சொல்லிவிட்டார்கள். கேள்வி கேட்க விருதுநகரிலிருந்து எங்கள் ஆடிட்டர் வந்தார். முதலில் தினேஷ் உள்ளே போனான். கதவு சரியாகச் சாத்தாததால் எல்லாமே என் காதில் விழுந்தது. அஞ்சு வருஷத்தில் கம்பெனியை எங்கே கொண்டுபோவீர்கள் என்று கேட்டார் ஆடிட்டர். இந்தியா முழுக்க என்றான் தினேஷ். அவன் இந்தியா என்றால் நாம் ஆசியா என்று சொல்லிவிட வேண்டியதுதான் என்று நான் வெளியே தயாராக நின்றேன்.

என் முறை வந்தது. ஆடிட்டர் மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, "வீட்டுல சமையல் யாரும்மா?" என்றார். ஆசியாவைத் தொண்டையிலேயே விழுங்கினேன். "காலையில நான், சாயங்காலம் எங்கம்மா, சனிக்கிழமை எங்க வீட்டுக்காரரு கறிக்கொழம்பு வைப்பாரு" என்றேன். சீசனில் வீட்டுக்குப் போக நேரமாகுமே, அதற்காகக் கேட்டேன் என்று இழுத்தார். "தினேஷ் தம்பிகிட்டயும் இதக் கேட்டீகளா சார்? அவருக்குச் சுடுதண்ணி வைக்கக்கூடத் தெரியாது. மெஸ்ஸுலதான் சாப்பிடுதாரு. சீசன்ல மெஸ்ஸுக்காரரு ஊருக்குப் போயிட்டா நம்ம கம்பெனி என்னத்துக்கு ஆகும்?" என்று நானும் விடவில்லை. அண்ணாச்சி வயிறு குலுங்கச் சிரித்தார். ஆடிட்டர் சிரிக்காமல் எதையோ எழுதிக்கொண்டார். போச்சு, வாயால் கெட்டோம் என்று நினைத்தபடி எழுந்தேன்.

வாசல்வரை என் பின்னாலேயே வந்த ஆடிட்டர், அண்ணாச்சிக்குக் கேட்காத குரலில் கேட்டார்: "ஏம்மா, திருத்தங்கல்ல ஒங்க வீடு எந்தப் பக்கம்? சனிக்கிழமை அந்தப் பக்கம் ஒரு சோலி இருக்கு."

லேபிள் பொட்டலம்

இன்டர்வியூவிலும் அண்ணாச்சிக்கு முடிவு வரவில்லை. தங்கைக்குப் பயந்தாரோ, என் வாய்க்குப் பயந்தாரோ தெரியவில்லை. கடைசியில், "பூக்கட்டிப் பாத்துருவோம்" என்றார். பெண் பார்ப்பதானாலும் குடோன் கட்டுவதானாலும் அவர் வீட்டில் அதுதான் வழக்கம். வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம். சாமி முன்னால் வைத்துக் குலுக்கி, ஒருவர் கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுக்க வேண்டும். வெள்ளை வந்தால் எனக்கு, சிவப்பு வந்தால் தினேஷுக்கு. சாமி முடிவு செய்தால் சரி என்று நானும் சம்மதித்தேன்.

பொட்டலம் கட்டத் தாள் வேண்டுமே. பட்டாசுக் கம்பெனியில் லேபிளைத் தவிர வேறென்ன தாள் கிடைக்கும்? வடை மடிக்க வைத்திருக்கிற கழிவு லேபிள் கட்டிலிருந்து அண்ணாச்சி இரண்டை உருவினார். பூச்சட்டி, அதாவது புஸ்வாணம், படம் போட்ட லேபிளில் வெள்ளைப் பூவை மடித்தார். சக்கரப் படம் போட்ட லேபிளில் சிவப்புப் பூவை மடித்தார். எல்லாம் எங்கள் கண்முன்னால். அப்புறம் அந்த இரண்டையும் தட்டில் போட்டு, கண்ணீர் வருகிற அளவு பக்தியோடு குலுக்கு குலுக்கென்று குலுக்கினார். நான் சுற்றிலும் பார்த்தேன். அத்தனை பேரும் கைகூப்பிக் கண்மூடி நிற்கிறார்கள். நான் எடுக்கிறேன் என்று பூங்கோதை அக்கா முன்னால் வந்தார். அவரும் கண்ணை மூடினார், ஒன்றரைக் கண்ணை. சக்கரத்தை எடுத்தார். சிவப்பு!

எனக்கு முதலில் சிரிப்புதான் பொத்துக்கொண்டு வந்தது. அப்புறம் பாத்ரூமில் குழாயைத் திறந்துவிட்டு அழுது தீர்த்தேன். பதவி போனது ஒரு பக்கம்; என்னை ஏமாற்றுவதற்குக்கூட இவர்கள் கொஞ்சம் மெனக்கெடவில்லையே என்பதுதான் வயிற்றெரிச்சல். முகத்தைக் கழுவிக்கொண்டு வெளியே வந்தால் பூங்கோதை அக்கா என் தோளில் கை போட்டுச் சொன்னார்: "மனசுல ஒன்னும் வச்சுக்கிடாத மாரி. நானா எடுத்தேன்? சாமில்ல எங்கையப் பிடிச்சு இளுத்துச்சு."

சாத்தூர் சேவு

இதற்குள் என் அம்மாவின் பிரச்சாரம் சாத்தூர் வரைக்கும் போயிருந்தது. அங்கே பைபாஸ் பக்கம் பட்டாசுக் கடை வைத்திருக்கிற சரசு அக்கா எனக்கு நெடுநாள் பழக்கம். நான் மேனேஜராகிவிட்டேன் என்றே நம்பி, 'மேனேஜர் அவர்களுக்கு' என்று பெரிதாக எழுதிப் பஸ்ஸில் ஒரு டப்பா சேவு கொடுத்தனுப்பினார். மேனேஜருக்கு வந்த டப்பா மேனேஜரிடம் போய்விட்டது. தினேஷ் ஆசையாக ஒரு கை அள்ளிப் போட்டான். அடுத்த நிமிஷம் மூக்கும் கண்ணும் ஒழுக, வாயைத் திறந்துகொண்டு ஆபீஸ் முழுக்க ஓடினான். நானே தண்ணீர் மோந்து கொடுத்தேன். அந்த நேரம் பார்த்துச் சரசு அக்கா போனில்: "சேவு எப்படி இருந்துச்சு மாரி? நீ நல்லா காரம் திம்பீன்னு நாந்தான் பக்கத்துல நின்னு ரெண்டு பங்கு மொளகாப் போடச் சொன்னேன்."

தடிமனான ஆறுதல்

வேறு ஊரில் மனசு நொந்தவர்களுக்குக் காபி வாங்கித் தருவார்களாக இருக்கும். எங்கள் ஊரில் எதையாவது அச்சடித்துக் கொடுப்பார்கள். அண்ணாச்சி என்னைக் கூப்பிட்டு, "ஒன்னயும் ஒசத்திட்டேன்ம்மா" என்று ஒரு பெட்டியைத் தந்தார். உள்ளே விசிட்டிங் கார்டு. 'மாரீஸ்வரி, பி.காம்., சீனியர் சேல்ஸ் கோஆர்டினேட்டர்' என்று தங்க எழுத்தில். சம்பளம் என்று இழுத்தேன். "ஆர்ட் போர்டும்மா, நல்ல தடி அட்டை, சும்மா இல்ல" என்றார். என் வீட்டுக்காரர் வேலை பார்க்கிற அச்சாபீசிலேயே ஓட்டியிருக்கிறார்கள். கட்டிங் மெஷினில் என் பெயரைத் தன் கையாலேயே வெட்டிக் கொடுத்துவிட்டு, எனக்கு இன்ப அதிர்ச்சியாக இருக்கட்டும் என்று வீட்டில் மூச்சு விடாமல் இருந்திருக்கிறார் மனிதர்.

அதே மேசை, அதே போன், அதே சம்பளம். நான் பேசுகிறவர்கள் எல்லாம் போனுக்கு அந்தப் பக்கம் இருப்பவர்கள். கார்டை யாருக்கு நீட்டுவது? அம்மா ஒரு கட்டுக் கார்டை அள்ளிக்கொண்டு போய்த் தெருவில் கொடுத்தாள். மேனேஜர் ஆனதும் பெயரைக் கொஞ்சம் நீளமாகப் போடுவார்கள் என்று எல்லோருக்கும் விளக்கமும் சொல்லியிருக்கிறாள். அவளிடம் உண்மையைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அதுதான் எல்லாவற்றையும்விடக் கஷ்டமாக இருந்தது. மறுநாள் வேலுச்சாமி அண்ணன் ஒரு கார்டை வாங்கி, வளைத்துப் பார்த்து, முகர்ந்து பார்த்துவிட்டுச் சொன்னார்: "நல்ல தடிமனாத்தான் போட்டிருக்காக தாயி. குடோன்ல மேசை ஒன்னு ஆடிக்கிட்டே கெடக்கு, ரெண்டு குடு."

பஞ்சு

பட்டாசை லேபிளைப் பார்த்து யாரும் மொத்தமாக வாங்க மாட்டார்கள். வெளியூர் வியாபாரி வந்தால், சாயங்காலம் ஆனைக்குட்டம் போகிற வழியில் இருக்கிற பொட்டலுக்குக் கூட்டிப்போய் வகைக்கு ஒன்று வெடித்துக் காட்ட வேண்டும். மேனேஜர் பக்கத்திலேயே நின்று விலை பேச வேண்டும். ஆர்டரை எழுத நான் கூடப் போவேன். தினேஷ் மேனேஜரான பிறகு முதல் சாம்பிள், சேலத்து வியாபாரிக்கு. முதல் வெடி வெடித்ததும் பக்கத்தில் நின்ற மேனேஜரைக் காணோம். தேடினால், ஜீப்புக்குப் பின்னால் குத்தவைத்து உட்கார்ந்திருக்கிறான். பிள்ளைக்கு வெடிச் சத்தம் என்றால் சின்ன வயதிலிருந்தே உயிர் போகிற பயமாம். தீபாவளி அன்றைக்கெல்லாம் ஜன்னலைச் சாத்திக்கொண்டு டிவியை அலறவிட்டு உட்கார்ந்திருப்பானாம். இன்டர்வியூவில் இதை யாரும் கேட்கவில்லை. சமையல் யார் என்றுதானே கேட்டார்கள், அதுவும் என்னிடம்!

"மதினிக்குத் தெரிஞ்சா வருத்தப்படுவாங்கக்கா" என்று சொல்லிக்கொண்டே பையிலிருந்து பஞ்சை எடுத்து இரண்டு காதிலும் அடைத்துக்கொண்டு தைரியமாக வந்து நின்றான். இப்போது வெடிச் சத்தமும் கேட்கவில்லை, வியாபாரியின் சத்தமும் கேட்கவில்லை. வியாபாரி வாயசைத்தால் இவன் சிரித்துத் தலையாட்டினான். போன வருஷ விலையிலிருந்து குறைப்பீர்களா என்றார் அவர். தலையாட்டினான். லாரி வாடகை கம்பெனியுடையதுதானே என்றார். ஆட்டினான். பணத்தைப் பொங்கலுக்குப் பார்த்துக்கொள்ளலாமா என்றார். வெகு சந்தோஷமாக ஆட்டினான். நான் இரண்டு முறை அவன் சட்டையைப் பிடித்து இழுத்தேன். என்னைப் பார்த்தும் சிரித்துத் தலையாட்டினான். மேனேஜர் சரி என்ற பிறகு கோஆர்டினேட்டர் என்ன செய்ய? எழுதிக்கொண்டேன்.

காரில் ஏறும்போது சேலத்துக்காரருக்குக் கண் கலங்கிவிட்டது. என்னிடம் ரகசியமாகச் சொன்னார்: "எத்தனையோ கம்பெனி ஏறி எறங்கியிருக்கேம்மா. இப்படி ஒரு மேனேஜரைப் பார்த்ததே இல்லை. எதைக் கேட்டாலும் சரிங்கறார்."

சாமி குத்தம்

அந்த ஆர்டரைப் பார்த்ததும் அண்ணாச்சி போட்ட சத்தத்தில், பஞ்சு வைத்திருந்த தினேஷ்கூடத் திடுக்கிட்டிருப்பான். ஆனால் திட்டு விழுந்தது எனக்கு. "நீ பக்கத்துலதான இருந்த, சொல்ல வேண்டியதுதான?" என்றார். பதவி ஒருவருக்கு, வசவு இன்னொருவருக்கா? எனக்கு உச்சந்தலைக்கு ஏறிவிட்டது. ஆனால் நியாயம் கேட்டுக் கேட்டு நான் கண்டது ஒன்றுமில்லை. அதனால் குரலைத் தாழ்த்தி, "அண்ணாச்சி, எனக்காக நான் ஒன்னும் கேக்கல. சாமி விசயமா ஒரு வார்த்தை சொல்லணும்" என்றேன். சாமி என்றதும் அவர் எழுந்து நின்றுவிட்டார். வெள்ளைப் பூ பூச்சட்டி லேபிளில், சிவப்புப் பூ சக்கர லேபிளில் மடித்ததையும், பிரிக்காமலே எது எதுவென்று தெரிந்ததையும் சொன்னேன். இரண்டு லேபிளும் சாமி படத்தடியில் இன்னும் கிடந்தன. எடுத்துப் பார்த்தார். முகம் வெளிறிவிட்டது. "அப்ப சாமிக்கு நாம வாய்ப்பே குடுக்கலையா?" என்று கன்னத்தில் படபடவென்று போட்டுக்கொண்டார்.

எனக்காக ஒரு நாளும் இறங்கி வராத மனிதர் சாமிக்காக ஒரே நொடியில் இறங்கிவிட்டார். மறுபடியும் பூக்கட்ட வேண்டும் என்றார். பூங்கோதை அக்கா விடுவாரா? ஒரு தடவை சொல்லியாச்சு, திரும்பக் கேட்டால் சாமி கோபித்துக்கொள்ளும், மாரியிடம் வேண்டுமானால் பேசிச் சமாதானப்படுத்திவிடலாம் என்று பதறினார். அண்ணாச்சி சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது: "மாரிக்கு அநியாயம் பண்ணுனாப் பேசித் தீத்துக்கிடலாம். சாமிக்கே அநியாயம் பண்ணிட்டோமே, அதுகிட்ட போயி யாரு பேசுறது?"

ஒரே லேபிள்

இந்த முறை சட்டதிட்டம் எல்லாம் கடுமை. ஒரே மாதிரி இரண்டு லேபிள். ஒரு தரப்பு ஆள் மறைவில் போய்க் கட்ட வேண்டும், மறு தரப்பு ஆள் எடுக்க வேண்டும். "எங்கொளுந்தனே கட்டட்டும், அவனுக்குச் சூதுவாது தெரியாது" என்றார் பூங்கோதை அக்கா. எடுக்கிற ஆள் வேலுச்சாமி அண்ணன் என்றேன் நான். தினேஷ் பூஜைத் தட்டைப் பூவோடு தூக்கிக்கொண்டு பக்கத்து அறைக்குப் போனான். திரும்பி வந்தபோது தட்டில் இரண்டு பொட்டலம், அச்சு அசல் ஒன்றுபோல. நான் சுற்றிச் சுற்றிப் பார்த்தேன். ஒரு வித்தியாசமும் இல்லை. அண்ணாச்சி குலுக்கினார். வேலுச்சாமி அண்ணன் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துக் கண்ணைக் கட்டிக்கொண்டு, தட்டு இருக்கும் இடம் தெரியாமல் முதலில் ஆடிட்டரின் தலையைத் தடவினார். ஆடிட்டர் எப்போது வந்தார் என்று கேட்காதீர்கள், அன்றைக்குக் கறிக்குழம்புச் சனிக்கிழமை.

 சிவப்பு வந்தால் இனி அநியாயம் என்று சொல்லவும் வழியில்லை, அம்மாவிடம் சொல்லாமல் இருக்கவும் வழியில்லை. வேலுச்சாமி அண்ணன் ஒன்றை எடுத்துப் பிரித்தார். வெள்ளை! பளிச்சென்று நந்தியாவட்டை. நான் கத்திய கத்தலில் மாடியிலிருந்து ஆள் இறங்கி வந்தது. சாமி தெளிவாகச் சொல்லிவிட்டது என்று அண்ணாச்சி தரையில் விழுந்து கும்பிட்டார். பூங்கோதை அக்கா மட்டும் முகத்தைச் சுளித்துக்கொண்டு இன்னொரு பொட்டலத்தை நோக்கிக் கையை நீட்டினார். அதற்குள் தினேஷ் பாய்ந்து அதை எடுத்து, கண்ணில் ஒற்றி, "தோத்தாலும் சாமி பூ மதினி, என்கிட்டயே இருக்கட்டும்" என்று சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டான். என்ன குணம், என்ன குணம் என்று எல்லோரும் உருகிப்போனார்கள். எனக்கும் மனசு கேட்கவில்லை.

எல்லோரும் போன பிறகு, வருத்தமா தம்பி என்று கேட்டேன். மேனேஜர் மேசையிலிருந்து தன் சாமான்களைச் சீட்டியடித்தபடி பையில் அள்ளிக்கொண்டிருந்தவன், அதிலிருந்த பஞ்சை எடுத்துக் குப்பையில் போட்டான். லேபிள் டிசைன் வேலைக்குத் திருத்தங்கல் அச்சாபீசுக்குத் தன்னை அனுப்பச் சொல்லி அண்ணாச்சியிடம் கேட்டுவிட்டானாம். அங்கே கம்ப்யூட்டர் உண்டு, வெடிச் சத்தம் கிடையாது. மதினியிடம் நேராக மாட்டேன் என்று சொல்ல முடியவில்லையாம். சட்டைப் பையிலிருந்த பொட்டலத்தை எடுத்து என் கையில் வைத்து மூடிவிட்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னான்: "அக்கா, வீட்டுக்குப் போய்ப் பிரிச்சுப் பாருங்க. இதுலயும் வெள்ளைதான். மதினிகிட்ட மட்டும் சொல்லிராதீங்க."

சாமிக்கு இரண்டாம் முறையும் வாய்ப்பே கொடுக்கவில்லை என்று அண்ணாச்சியிடம் ஓடிப்போய்ச் சொல்லலாமா என்று ஒரு டீ குடித்து முடிகிற நேரம் நன்றாக யோசித்தேன். பிறகு அம்மாவுக்குப் போன் போட்டுவிட்டு மேனேஜர் நாற்காலியில் போய் உட்கார்ந்தேன். உட்கார்ந்த பிறகு எனக்குத் தெளிவானது இதுதான்: பொட்டலத்துக்குள் இருப்பது அடுத்தவருக்கான பூவாக இருந்தால் அதற்குப் பெயர் அநியாயம், நமக்கான பூவாக இருந்துவிட்டால் அதுவே சாமி அருள்.